ஷூவைத் துடைச்சுட்டு ஏறுங்க, சார்!

என் ஷூவுக்கு இப்படி ஒரு ராஜமரியாதை கிடைக்கும் என்று நான் கனவிலும் நினைத்ததில்லை!

பெர்த் ஏர்போர்ட்டில் இறங்கியதும் முதல் விசாரணையே அதற்குத்தான். விமானத்தில் கொடுத்த கார்டில், ஊறுகாய் உண்டா, விதை உண்டா என்று வரிசையாகக் கேட்டுவிட்டு, காலணியில் மண் இருக்கிறதா என்றும் ஒரு கேள்வி. கிளம்புவதற்கு முந்தின நாள் ஊரில் வயல் வரப்பில் நடந்தவன் நான். அரிச்சந்திரன் பரம்பரை இல்லையா... 'ஆமாம்' என்று டிக் அடித்துவிட்டேன். பக்கத்து ஸீட்டில் சகதர்மிணிக்கு வந்ததே கோபம்!

"வடாமுக்கு என்ன சொல்லுவானோன்னு நானே பயந்துகிட்டிருக்கேன். நீங்களா போய் மண்ணை எழுதிக் கொடுக்கணுமா?"

வடாமைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு விட்டுவிட்டார்கள். ஷூவை மட்டும் ஓர் அதிகாரி கையுறை போட்டுக்கொண்டு, ஏதோ வைரக் கிரீடம் மாதிரி உள்ளே எடுத்துப் போனார். பத்து நிமிஷம் கழித்து வந்தது பாருங்கள்... வாங்கின அன்றுகூட அது அப்படிப் பளபளத்ததில்லை. "எவ்வளவு ஆச்சு?" என்று பர்ஸை எடுத்தேன். சிரித்துக்கொண்டே போகச் சொல்லிவிட்டார்.

சரி, வெளிநாட்டுக்காரர்களுக்கு இது ஒரு பைத்தியம் என்று நினைத்துக்கொண்டேன். அந்தப் பைத்தியத்தின் அர்த்தம் பத்து நாள் கழித்து, ஒரு மலை மேலே, மூச்சு வாங்கிக்கொண்டு நிற்கும்போதுதான் புரிந்தது.

* * *

மலையின் பெயர் பிளஃப் நோல். மேற்கு ஆஸ்திரேலியாவின் தெற்குப் பகுதியில், ஸ்டெர்லிங் மலைத்தொடர் தேசியப் பூங்காவில் இருக்கிறது. கடலோர ஊரான அல்பனியில் ராத்தங்கிவிட்டு, காலையில் வடக்கே காரில் ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூடுதல் பயணம்.

"பிளஃப்னா புளுகுதானே? புளுகு மலையா?" என்றாள் சகதர்மிணி.

சீட்டாட்டத்தில் விடுகிற பிளஃப் வேறு, இது வேறு. செங்குத்தாக நெஞ்சை நிமிர்த்தி நிற்கிற பாறை முகப்புக்குத்தான் இந்தப் பிளஃப். 'நோல்' என்றால் சின்ன மேடு! கிட்டத்தட்ட 1,100 மீட்டர் உயரம். அந்தத் தென்மேற்கு மூலை முழுவதிலும் இதைவிட உயரமான சிகரமே கிடையாது. அதற்குப் பெயர் மேடாம். புளுகு என்றால் அந்தப் பாதிதான் புளுகு.

'பூ... 1,100 மீட்டரா? கொடைக்கானலுக்கு பஸ்ஸில் உட்கார்ந்தபடியே இரண்டு மடங்கு ஏறியிருக்கிறேனே' என்று நானும் முதலில் அலட்சியமாகத்தான் இருந்தேன். செப்டம்பர் மாசம். ரோட்டின் இரண்டு பக்கமும் மஞ்சள் மஞ்சளாகக் கனோலா வயல், நடுநடுவே ஆடுகள். தரை அப்பளம் மாதிரி தட்டை. அந்தத் தட்டையான பூமியிலிருந்து திடீரென்று, யாரோ கோட்டைச் சுவரை எழுப்பின மாதிரி ஒரு நீலக் கோடு. கிழக்கு மேற்காக 65 கிலோமீட்டர் நீளம். அதில் ஒரு மலைக்கு மட்டும் முகத்தை வெட்டி எடுத்த மாதிரி சில நூறு மீட்டருக்கு மொட்டைப் பாறை. சகதர்மிணி ஒன்றும் சொல்லாமல் கையெடுத்துக் கும்பிட்டாள். நான் முழங்காலைத் தடவிக்கொண்டேன்.

1802-ல் மேத்யூ ஃபிளிண்டர்ஸ் என்கிற கப்பல் கேப்டன் கடலிலிருந்தே இந்த மலைகளைப் பார்த்துவிட்டுப் போனார். 1835-ல் ரோ என்கிற சர்வேயர், தன்னுடைய கவர்னர் ஸ்டெர்லிங்கின் பெயரை வைத்தார். (மேலதிகாரியைக் காக்கா பிடிப்பதற்கு ஒரு மலைத்தொடரையே எழுதி வைத்த மனுஷர் அவராகத்தான் இருக்கும்.) ஆனால் அந்த மண்ணின் சொந்தக்காரர்களான நூங்கார் மக்கள் எத்தனையோ தலைமுறையாக வைத்திருந்த பெயர் வேறு. மலைத்தொடருக்கு 'மலையைச் சுற்றி மூடுபனி உருண்டுகொண்டிருக்கும் இடம்' என்கிற அர்த்தத்தில் ஒரு பெயர். இந்தச் சிகரத்துக்கு 'பல முகம் கொண்ட பெரிய மலை' என்ற அர்த்தத்தில் புலார் மியால். அடிவாரத்தில் நின்று அண்ணாந்து பார்த்தால், யார் சரியாகப் பெயர் வைத்தார்கள் என்பதில் சந்தேகமே வராது. வெயில் நகர நகர, பாறையில் ஒரு நெற்றி, ஒரு மூக்கு, ஒரு தாடை என்று மாறி மாறித் தெரிகிறது.

கார் நிறுத்துமிடத்திலேயே சகதர்மிணியும் மருமகளும் ஃப்ளாஸ்க்கோடு உட்கார்ந்துவிட்டார்கள். "போயிட்டு வாங்க. முழங்கால் தகராறு பண்ணினா பாதியிலேயே திரும்பிடுங்க. வீரம் வேண்டாம்" என்று எனக்குத் திருநீறு பூசாத குறை.

நான், பையன், ஒன்பது வயசுப் பேரன். மூன்று பேர் படை. முதல் அடி எடுத்து வைக்கப் போனேன்.

"தாத்தா, ஷூ!" என்றான் பேரன்.

குனிந்து பார்த்தேன். லேஸ் ஒழுங்காகத்தான் இருந்தது.

"துடைக்கணும் தாத்தா!"

பையன் காரின் டிக்கியிலிருந்து ஒரு பிரஷ்ஷும், ஸ்பிரிட் நிரப்பிய ஸ்பிரே பாட்டிலும் எடுத்து வந்தான். ஷூவின் அடியில் இருந்த மண்ணைச் சுரண்டி, தேய்த்து, ஸ்பிரிட் அடித்து... ஊசி போடுவதற்கு முன்னால் நர்ஸம்மா கையைத் துடைப்பாரே, அதே பக்தி! எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"ஏண்டா, நாங்கல்லாம் கோயிலுக்குள்ளே போறப்போ செருப்பை வெளியிலே விடுவோம். நீங்க துடைச்சுட்டு உள்ளே எடுத்துட்டுப் போறீங்க. மலை என்ன ஆபரேஷன் தியேட்டரா?"

"கிட்டத்தட்ட அப்படித்தாம்ப்பா" என்றான் பையன். ஏறிக்கொண்டே சொன்னான். முதல் அரை மணி நேரத்துக்குத்தான் எனக்குக் காது கேட்டது. அப்புறம் என் மூச்சுச் சத்தம்தான்!

போக வர ஏழு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. ஆனால் நேர் ஏற்றம். 600 மீட்டருக்கு மேல் கால் ஏறியாக வேண்டும். படிகள், படிகள், மேலும் படிகள். முதல் பாதி யூகலிப்டஸ் மரங்களுக்கு நடுவே, அந்தப் பாறை முகத்துக்குக் கீழேயே போகிறது. ஓர் இடத்தில் கைப்பிடி அளவு அருவி. அதற்குப் பக்கத்தில் உட்கார்ந்தபோதுதான் அந்தப் பாறையைக் கவனித்தேன். மெரினாவில் அலை திரும்பிப் போனதும் ஈர மணலில் வரி வரியாக இருக்குமே... அதே வரி, கல்லில்! ஆமாம், அது நிஜமாகவே அலை போட்ட வரிதான். நூறு கோடி வருஷங்களுக்கும் முன்னால் ஆழமில்லாத தண்ணீருக்கு அடியில் படிந்த மணலும் சேறும் இறுகிக் கல்லாகி, பிறகு மேலே வந்து நிற்கின்றன. அவ்வளவு வயசான மலையில் உட்கார்ந்துகொண்டு 'எனக்கு வயசாயிடுச்சு' என்று சொல்லக் கொஞ்சம் வெட்கமாக இருந்தது. எழுந்துவிட்டேன்.

அப்போதுதான் தலை முழுக்க வெள்ளையாக ஓர் அம்மாள், என்னைவிடப் பத்து வயசாவது பெரியவராக இருப்பார், கைத்தடி ஊன்றி என்னை ஓவர்டேக் பண்ணினார். "குட் மார்னிங்" என்றார். பதில் சொல்ல எனக்கு மூச்சு இல்லை.

* * *

இரண்டு மலைகளுக்கு நடுவே குதிரைச் சேணம் மாதிரி ஒரு பள்ளம் வருகிறது. அங்கே மரங்கள் முடிந்து, இடுப்பளவுப் புதர்கள் ஆரம்பம். காற்று ஆளைத் தள்ளுகிறது. சமவெளியில் வெயில் காயும்போது இங்கே மட்டும் மேகம் வந்து உட்காரும். குளிர்காலத்தில் சில நாட்களில் பனிகூட விழும். வெயிலுக்குப் பேர் போன மேற்கு ஆஸ்திரேலியாவில் பனி பார்க்க வேண்டுமென்றால் ஜனங்கள் ஓடி வருவது இந்த உச்சிக்குத்தான்.

அந்தக் குளிரும் ஈரமும்தான் இந்த மலையின் சொத்து. சுற்றிலும் வறண்ட தரை. நடுவே ஈரமான உச்சிகள். கடலில் தீவு மாதிரி. ஒவ்வொரு தீவிலும் தனித்தனிச் செடிகள். இந்தப் பூங்காவில் சுமார் 1,500 வகைச் செடிகள். அதில் 80-க்கும் மேற்பட்டவை உலகத்தில் வேறெங்கும் கிடையாது. அடுத்த ஜில்லாவில்கூடக் கிடையாது! மலைமணி என்று ஒரு ஜாதி. தலைகுனிந்த கோயில் மணி போல் பூக்கும். அதில் பல வகைகள், இந்த மலைக்கு ஒன்று, அந்த மலைக்கு வேறொன்று என்று பாகம் பிரித்துக்கொண்டு வாழ்கின்றன. அந்தக் குடும்பத்துக்கு டார்வினியா என்று பெயர். சார்லஸ் டார்வின் என்று நினைத்தேன். இல்லையாம், அவருடைய தாத்தா எராஸ்மஸ் டார்வினாம். எந்தத் தாத்தாவுக்காவது இப்படி மரியாதை கிடைத்தால் எனக்குச் சந்தோஷம்தான்.

பிளஃப் நோல் பகுதிக்குரியது மஞ்சள் மலைமணி. இதை நான் முதல் நாளே கேட்டு வைத்திருந்தேன். அதனால்தான் அந்தக் காரியத்தைச் செய்தேன்.

பாதையிலிருந்து ஏழெட்டு அடி தள்ளி, புதருக்குள் மஞ்சளாக ஏதோ தெரிந்தது. பையன் முன்னால் போய்விட்டான். கேமராவை எடுத்துக்கொண்டு பாதையை விட்டு இறங்கினேன். ஒரு அடி, இரண்டு அடி... ஈர மண் 'சளக்' என்றது. மூன்றாவது அடி வைப்பதற்குள் பின்னாலிருந்து ஒரு அலறல்.

"தாத்தா! வெளியே வா!"

பாம்புதான் என்று நினைத்து அப்படியே உறைந்துபோனேன். திரும்பிப் பார்த்தால் பேரன் பாதையில் நின்றுகொண்டிருக்கிறான். கண்ணில் தண்ணீர்.

"பாம்பாடா?"

"இல்லை. நீ!"

என்ன சொல்வது? அறுபத்து மூன்று வருஷத்தில் என்னைப் பார்த்து யாரும் அப்படிச் சொன்னதில்லை. வைத்த அடியிலேயே காலை வைத்துத் திரும்பி வந்தேன். அவன் என்னோடு பேசவில்லை. முன்னால் விறுவிறுவென்று போய்விட்டான்.

அந்த வெள்ளைத் தலை அம்மாள் ஒரு பாறையில் உட்கார்ந்து ஆப்பிள் தின்றுகொண்டிருந்தார். எல்லாவற்றையும் பார்த்திருக்கிறார். திட்டுவார் என்று நினைத்தேன். கையை நீட்டி ஒரு சரிவைக் காட்டினார். பச்சைப் புதர்களுக்கு நடுவே ஒரு பெரிய திட்டு மட்டும் சாம்பல் நிறம். குச்சி குச்சியாக எலும்புக்கூடுகள்.

"தீயா?" என்றேன்.

"சிலது தீ. அது மட்டும் ஷூ" என்றார்.

பையன் வந்து உட்கார்ந்து விவரமாகச் சொன்னது இது. நம் ஊரில் 'மரம் பட்டுப்போச்சு' என்போமே, இங்கே அதற்கு டைபேக் என்று பெயர். காரணம் மண்ணில் வாழும் ஒரு நுண்ணுயிர். அதன் பெயர் ஃபைட்டாஃப்தொரா சின்னமோமி. (ஒரு தடவை சொல்லிப் பாருங்கள். பல்செட் வைத்திருப்பவர்கள் ஜாக்கிரதை!) பார்க்கப் பூஞ்சை மாதிரி இருக்கும், ஆனால் பூஞ்சை இல்லை, தண்ணீரில் வாழும் பாசிகளுக்குத் தூரத்துச் சொந்தம். ஈர மண்ணில் இதன் வித்துகள் நீந்திப் போய்ச் செடியின் மெல்லிய வேரில் நுழைந்துகொள்ளும். வேர் அழுகும். அப்புறம் செடியால் தண்ணீர் உறிஞ்ச முடியாது. சுற்றிலும் ஈரம் இருக்க, தாகத்திலேயே செத்துப்போகும்.

1922-ல் சுமத்ராவில் இலவங்கப்பட்டை மரத்தைப் பிடித்த வியாதியை ஆராயும்போது கண்டுபிடித்தார்கள். அதனால்தான் சின்னமோமி. பட்டையிலிருந்து கிளம்பியது, ஆஸ்திரேலியாவில் வந்து பட்டையைக் கிளப்பிக்கொண்டிருக்கிறது! இங்கே ஜாரா மரக் காடுகள் ஏன் பட்டுப்போகின்றன என்று வருஷக்கணக்கில் தலையைப் பிய்த்துக்கொண்டு, 1960-களின் நடுவில்தான் குற்றவாளி இதுதான் என்று பிடித்தார்கள். தென்மேற்கு ஆஸ்திரேலியாவின் செடி வகைகளில் ஏறக்குறைய 40 சதவிகிதம் இதற்குப் பலியாகக் கூடியவை. பேங்க்ஸியா, மலைமணி எல்லாம் அந்த லிஸ்ட்டில் உண்டு.

"தண்ணி கீழேதாம்ப்பா ஓடும். மண்ணுக்குள்ளே இருக்கறது தானா மலை மேலே ஏறாது. யாராவது தூக்கிட்டு வரணும். மிருகம் கொண்டு வரும், வண்டிச் சக்கரம் கொண்டு வரும். இவ்வளவு உசரத்துக்கு ஈஸியா கொண்டு வர்றது நம்ம கால்தான். மேலே ஒரு தடவை வந்துட்டா, அப்புறம் மழைத் தண்ணியே கீழே இருக்கற சரிவு பூரா பரப்பிடும்."

நான் விடவில்லை. மனசாட்சி உறுத்தும்போதுதான் மனுஷன் நன்றாக வாதாடுவான். "அதான் ஏற்கெனவே வந்தாச்சே? இந்தத் திட்டே செத்துக் கிடக்கே? இனிமே துடைச்சு என்ன பிரயோஜனம்?"

அந்த அம்மாளுக்குப் பையன் மொழிபெயர்த்தான். அவர் ஆப்பிளை மென்றபடி, செத்த திட்டுக்கு அந்தப் பக்கம் காட்டினார். அங்கே பச்சையாக இருந்தது. பிறகு என் ஷூவைக் காட்டினார். அவ்வளவுதான். இதற்கு மேல் மொழிபெயர்ப்பு வேண்டியிருக்கவில்லை.

வந்துவிட்டால் மருந்தே இல்லை. ஃபாஸ்ஃபைட் என்று ஒரு உப்புக் கரைசலைத் தெளித்தால் செடிக்குக் கொஞ்சம் எதிர்ப்புச் சக்தி கிடைக்கும். ஆள் போக முடியாத இந்த உச்சிகளுக்கு 1990-களிலிருந்தே விமானத்திலிருந்து தெளிக்கிறார்கள். சில வருஷத்துக்கு ஒரு முறை திரும்பத் திரும்பத் தெளித்துக்கொண்டே இருக்க வேண்டும். சர்க்கரை வியாதிக்கு மாத்திரை மாதிரி, குணமாகாது, ஓட்டலாம்.

இந்தக் கஷ்டத்தோடு தீ வேறு. 2018-ல் ஒரு தீ. அது ஆறுவதற்குள் 2019 டிசம்பர் கடைசியில் இடி விழுந்து இன்னொன்று. பூங்காவில் சுமார் 40,000 ஹெக்டேர் கருகியது. தீக்குப் பழகிய செடிகள்தான் இவை. பலவற்றின் விதை முளைக்கத் தீயே வேண்டும். ஆனால் முளைத்த கன்று வளர்ந்து, பூத்து, மறுபடி விதை போடச் சில வருஷமாவது அவகாசம் கொடுக்க வேண்டாமா? அதற்குள் அடுத்த தீ வந்தால் வம்சமே போச்சு. தப்பித்த கன்றை வேரழுகல் பிடித்தாலும் போச்சு. இறகு மாதிரி இலையுள்ள ஒரு பேங்க்ஸியா இப்படித்தான் விரல் விட்டு எண்ணும் இடங்களுக்குச் சுருங்கிவிட்டது. அதனால் விதையைச் சேகரித்துக் குளிர்பதனத்தில் பத்திரப்படுத்துகிறார்கள். மலைக்கு வெளியே வியாதியில்லாத நிலத்தில் விதைத் தோட்டமும் போட்டிருக்கிறார்கள். ஊரை விட்டு ஓடிய குடும்பம் வேறு ஊரில் ஜாகை எடுத்த கதை.

எழுந்து பேரனைத் தேடினேன். இரண்டு திருப்பம் தள்ளிக் காத்துக்கொண்டிருந்தான். கோபம் இருந்தாலும் தாத்தாவைத் தனியாக விட மனசில்லை போலிருக்கிறது. "ஸாரிடா" என்றேன். "என்கிட்டே ஏன் சொல்றே?" என்றான். அதுவும் நியாயம்தான்.

கடைசி ஏற்றத்தில் முழங்கால் தகராறு பண்ணியது. திரும்பிவிடலாமா என்று இரண்டு தடவை யோசித்தேன். இரண்டு தடவையும் அந்த வெள்ளைத் தலை மேலே மேலே போவது தெரிந்தது. ரோஷம் பொல்லாதது!

உச்சி நான் நினைத்த மாதிரி கூர்மையாக இல்லை. அகலமான பாறை மேடை. ஒரு கற்குவியல். வடக்கே மேடை சட்டென்று முடிந்து வெறும் காற்று. பத்தடி தள்ளியே உட்கார்ந்து, குழந்தை தவழ்வது போல் கொஞ்சம் நகர்ந்து எட்டிப் பார்த்தேன். வயிற்றுக்குள் ஏதோ புரண்டது. கீழே மஞ்சள் வயல்கள், பொம்மைக் கார்கள். அதில் ஏதோ ஒன்றில் சகதர்மிணி. தெற்கே வரிசையாக மலைகள். அதற்கும் அப்பால் ஒரு வெள்ளிக் கீற்று. அது தெற்குப் பெருங்கடல். பார்த்துக்கொண்டிருக்கும்போதே மேற்கிலிருந்து மூடுபனி வந்தது. சமவெளியைத் துடைத்தது, கடலைத் துடைத்தது, பையனையும் துடைத்தது. நூங்கார் ஜனங்கள் வைத்த பெயர் அப்படியே கண்ணெதிரே உருண்டு போனது. என் கையை யாரோ பிடித்தார்கள். பேரன். "பயப்படாதே தாத்தா, போயிடும்" என்றான். சமாதானம் ஆகிவிட்டது என்று தெரிந்துகொண்டேன்.

மருமகள் கட்டிக் கொடுத்த வெஜிடபிள் பிரியாணியை அங்கேதான் பிரித்தோம். முதல் கவளத்திலேயே பல்லில் ஒரு துண்டு இலவங்கப்பட்டை! எடுத்து என்ன செய்வதென்று தெரியாமல் விழித்தேன். பேரன் ஒன்றும் சொல்லாமல் பொட்டலக் காகிதத்தை நீட்டினான். அதில் மடித்துப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டேன்.

இறக்கம் ஏற்றத்தைவிட மோசம். அந்த மஞ்சள் பூ இருந்த இடம் வந்தபோது நின்றேன். பாதையிலிருந்தே எட்டி எட்டிப் பார்த்தேன். மலைமணிதானா, வேறு ஏதாவதா... அங்கிருந்து தெரியவில்லை. என் இரண்டு காலடித் தடத்திலும் தண்ணீர் தேங்கியிருந்தது.

கீழே வந்ததும் சகதர்மிணி ஃப்ளாஸ்க்கைத் திறந்தாள். "முதல்ல காபி" என்றாள். "முதல்ல ஷூ" என்றேன்.

அவள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். கார் டிக்கியில் உட்கார்ந்து இரண்டு ஷூவையும் கழற்றிச் சுரண்டினேன், தேய்த்தேன், ஸ்பிரிட் அடித்தேன். ஏர்போர்ட் அதிகாரி தோற்றார் என்று நினைத்துப் பேரனிடம் நீட்டினேன். அவன் ஒரு குச்சியை எடுத்து, அடிப்பாகத்துப் பள்ளங்களை ஒவ்வொன்றாகக் குடைந்தான். குதிகால் பக்கத்திலிருந்து பட்டாணி அளவு கறுப்பு மண் உருண்டு விழுந்தது.

"இன்னும் இருக்கு, தாத்தா" என்று திருப்பிக் கொடுத்தான்.

காபி ஆறிப்போயிருந்தது.